புதுப் பெட்டியில் எல்லாம் வந்துவிடும்

போன மாதம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் வீடு வீடாக டிஷ் மாட்டும் வேலையில் இருக்கிற பழைய சகா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, இப்பல்லாம் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டா மெசினு பேசுது. ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு ஒரே பேஜாரு. உங்க காலத்துல மனுசங்க பேசினாங்க. நீங்கல்லாம் குடுத்து வெச்சவங்க."

எனக்குச் சுருக்கென்றது. மனுஷன் பேசி மட்டும் என்னத்தைக் கிழித்தான் என்று வாய்வரை வந்துவிட்டது. "அட போய்யா" என்று டீ கிளாஸை வைத்துவிட்டு நடந்துவிட்டேன். பாவம், அவர் முகம் சுருங்கிப்போயிற்று. வீட்டுக்கு வந்த பிறகுதான் அவரிடம் காரணத்தையாவது சொல்லியிருக்கலாம் என்று பட்டது. சொல்வதென்றால் சம்பந்தம் சாரைச் சொல்ல வேண்டும், கன்னியம்மாவைச் சொல்ல வேண்டும். டீக்கடையில் நின்றபடி சொல்கிற சங்கதி இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்தில் ஒரு கேபிள்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் வீட்டு மொட்டை மாடியில் நாலு பேர் படுத்துத் தூங்கலாம் போல ஒரு பெரிய டிஷ் இருக்கும். காற்றடித்தால் அது லேசாகத் திரும்பிக்கொள்ளும். ஊரே படம் போச்சு என்று கத்தும். ஏணி தூக்குவது, கம்பத்துக்குக் கம்பம் ஒயர் இழுப்பது, திட்டு வாங்குவது, இதுதான் என் படிப்பு. பிறகு வீட்டுக்கு வீடு சின்ன டிஷ் வந்தது. கேபிள்காரருக்கு வரும்படி சுருங்கியது. நான் விழுப்புரத்தில் ஒரு டிஷ் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சேர்ந்து, வேலையை விடும் வரை அங்கேயே இருந்தேன்.

அந்த சென்டருக்கு மேலாளர் சம்பந்தம் சார். மெலிந்த ஆள். சட்டை அழுக்காகக் கூடாதென்று காலருக்குள் கைக்குட்டையை மடித்து வைத்திருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் 'நீ' என்பது 'நீங்க' ஆகிவிடும். "பாஸ்கர், நீங்க கொஞ்சம் உள்ள வர்றீங்களா" என்று கூப்பிட்டாரானால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

வேலை செய்கிற முறையில் அவர் கறார். ஒரு வீட்டுக்குப் போனால் எடுத்த எடுப்பில் டிவியைத் தொடக் கூடாது. முதலில் மாடிக்குப் போய் டிஷ்ஷின் நட்டு ஆடுகிறதா என்று கை வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்தது ஒயர் மூட்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று. அதற்கப்புறம்தான் செட்டாப் பெட்டி. பழைய பெட்டிக்குப் பதில் புதுசு வைப்பதென்றால் இன்னும் ஒரு சட்டம் உண்டு. நம் வாயால் எதுவும் சொல்லக் கூடாது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, போனை டிவி பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். வீட்டுக்காரர் அவர் வாயாலேயே கேட்க வேண்டும், பதிலை அவர் காதாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் நாம் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டும்.

இந்தச் சட்டம் வந்ததற்குக் காரணம் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டிக்காரர், வேர்க்கடலை வியாபாரி. எங்கள் ஆள் ஒருவர் "பழைய டிஷ்ஷே போதும் சார், நான் இருக்கேன்" என்று வாக்குக் கொடுத்துப் புதுப் பெட்டியை மாட்டிவிட்டு வந்தார். பாதி சேனல் வரவில்லை. அன்றைக்குப் பார்த்துக் கிரிக்கெட் இறுதி ஆட்டம். மறுநாள் மண்டிக்காரர் பெட்டியைக் கையோடு தூக்கி வந்து சம்பந்தம் சார் மேஜைமேல் வைத்தார். "இத்த நீயே வெச்சிக்க சாமி. தெருவையே கூப்புட்டு உக்கார வெச்சு அசிங்கப்பட்டுக்கினு நிக்கிறேன்." சார் எழுந்து நின்று முழுக்கக் கேட்டுக்கொண்டார். அவர் போன பிறகு எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "நாம சொன்னா அது நம்ம வாய். கஸ்டமர் கேர் சொன்னா அது கம்பெனியோட வாய். அதுக்குக் கம்பெனி பதில் சொல்லும். புரியுதா?" எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

வம்பு என்னவென்றால், கம்பெனிக்கு ஒரு வாய் இல்லை. காலையில் ஒரு பெண் ஒன்று சொல்வாள், மத்தியானம் ஒரு பையன் வேறொன்று சொல்வான். பெருமுக்கல்லில் ஒரு வீட்டில் புளியமரம் வளர்ந்து கிளை டிஷ்மேல் சாய்ந்திருந்தது. படம் கட்டம் கட்டமாக உடைந்தது. நான் பார்த்துவிட்டேன். ஆனால் சட்டம் சட்டம்தானே, போனைப் போட்டேன். "உங்க பெட்டி பழைய மாடல் சார், எச்.டி.க்கு மாறுங்க, படம் உடையாது" என்றார்கள். வீட்டுக்காரர் உடனே மாறினார். பெட்டி மாறியது, புளியமரம் மாறவில்லை. படம் இப்போது எச்.டி.யில் உடைந்தது.

சாரிடம் வந்து சொன்னேன். "அவங்க மரத்தப் பாக்கல சார். நாமதான பாக்குறோம்."

"ஒரு தடவ தப்பா சொல்லியிருப்பாங்க. அவங்களுக்கு மெட்ராஸ்ல ட்ரெய்னிங் குடுக்கறாங்க பாஸ்கர். நமக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரியும்" என்றார். ஒப்புக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர். மனசார நம்பினார். நானும் கிளையை வெட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டேன். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

கன்னியம்மா வீடு மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் இருக்கிறது. அவருக்கு ஒரே மகன், ஏழுமலை. கேரளத்துப் பக்கம் மேற்குக் கடலில் ஓடுகிற விசைப்படகுகளில், நாள் கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்கல் தொழிலுக்குப் போய் வருகிறவன். கையில் காசு புரண்ட ஒரு வருஷத்தில், ஓடுகிற நிகழ்ச்சியைப் பிடித்து வைத்துக்கொள்கிற பெட்டியாகப் பார்த்து வாங்கி மாட்டியிருந்தான். அந்தக் கார்த்திகையில் மேற்குக் கடலில் புயல் அடித்தது. படகுகள் சிதறின. சிலது எங்கோ வடக்கே கரை சேர்ந்தன, சிலது சேரவே இல்லை. ஏழுமலை போன படகைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

புயல் ஓய்ந்த வாரம் செய்திச் சேனலில், வடக்கே ஒரு துறைமுகத்தில் கரையேறியவர்கள் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பதைக் காட்டினார்கள். அந்த வரிசையில் ஆரஞ்சுத் துண்டு போர்த்திய ஒருவன் பாதி திரும்பி, யாரிடமோ ஏதோ கேட்டுவிட்டு, மறுபடியும் முன்னால் பார்த்துக்கொண்டான். ஏழுமலையின் பெண்டாட்டி செல்வி, புருஷன் சொல்லிக் கொடுத்திருந்த சிவப்பு பட்டனை அமுக்கிவிட்டாள். அது பெட்டிக்குள் இருந்தது. அவன் ஏழுமலைதான் என்று கன்னியம்மா சாதித்தார். செல்விக்கு ஒரு நாள் ஆமாம் என்று தோன்றும், ஒரு நாள் இல்லை என்று தோன்றும். மீன்துறை ஆபீசுக்கு நடந்தார்கள். அவர்களிடம் இருந்த பட்டியலில் அவன் பேர் இல்லை.

நான் அந்த வீட்டுக்குப் போனது மாசி பிறந்த பிறகு. பெட்டியை மாற்றச் சொல்லி டிவி திரையில் பாதியை மறைத்துக்கொண்டு அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. பிப்ரவரி மாதக் கடைசிக்குள் மாற்றாவிட்டால் சேவை நின்றுவிடும் என்று போட்டிருந்தார்கள்.

கன்னியம்மா என்னைப் பெட்டியைத் தொட விடவில்லை. "தம்பி, மொதல்ல இத்தப் பாரு. அப்பறமா கைய வெய்யி" என்று ஓட விட்டார். நானும் பார்த்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடுகிற காட்சி. எனக்கு ஏழுமலையைத் தெரியாது, நான் என்ன சொல்ல முடியும். "தெளிவா இருக்குதும்மா" என்றேன்.

"கடலூர்ப் பக்கம் முருகையன்னு ஒரு ஆளு. அந்தத் தொறமுகத்துல கரையேறுனவன். மாசி மகத்துக்கு மரக்காணத்துல அவன் தங்கச்சி வூட்டுக்கு வர்றானாம். வந்து பாக்குறேன்னு சொல்லியனுப்பிச்சான். கூட நின்னவன் யாருன்னு அவனுக்குத் தெரியாதா? அவன் பாத்துச் சொல்லிட்டா போதும் எனக்கு."

"அப்ப மாசி மகம் வரைக்கும் இந்தப் பெட்டியே இருக்கட்டும்மா. அவரு பாத்துட்டுப் போனப்பறம் வந்து மாத்திக் குடுக்குறேன்."

"அதுக்கு முன்னாடியே மாசம் முடிஞ்சு நின்னுப் போச்சுன்னா இன்னா பண்றது?"

அதற்கு என் வாயால் பதில் சொல்லக் கூடாது. சட்டப்படி போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துத் தள்ளி நின்றேன். ஒரு பெண் எடுத்தாள். குரல் ரொம்பப் பதவிசாக இருந்தது. கன்னியம்மா டிவியைப் பார்த்துப் பேசினார், அதற்குள்தான் அந்தப் பெண் இருக்கிறாள் என்பதுபோல.

"யம்மாடி, பொட்டி மாத்தலன்னா உள்ள புடிச்சு வெச்சிருக்கறதப் பாக்க முடியுமா?"

"மாசக் கடைசிக்கு மேல எதுவும் ஓடாது மேடம். ரெக்கார்டிங்கும் ஓடாது."

"மாத்திட்டா?"

"கார்டு உங்க பேர்லதான மேடம் இருக்கு. கார்டைப் புதுப் பெட்டியில போட்டா எல்லாம் வந்துடும்."

எனக்கு நெருடியது. கார்டு என்பது சந்தா கட்டியிருக்கிறோம் என்று பெட்டிக்குக் காட்டுகிற சின்ன அட்டை, அவ்வளவுதான். படம் தங்கியிருப்பது பழைய பெட்டிக்குள் இருக்கிற டிஸ்க்கில். கார்டோடு அது எப்படி வரும்? மறுபடியும் போட்டேன். இந்த முறை ஒரு ஆண். அவரும் அதையேதான் சொன்னார், இன்னும் அடித்துச் சொன்னார். "தம்பி, ரெண்டு பேரு சொல்றாங்க. ஜல்தி மாத்திக் குடுத்துட்டுப் போ" என்றார் கன்னியம்மா. செல்வி மட்டும் என்னைப் பார்த்து, "நெசமாவே வந்துடுமாண்ணே?" என்று கேட்டாள். "கம்பெனியில சொல்றாங்கம்மா" என்றேன்.

பின்னால் தெரிந்துகொண்டேன், அவர்கள் சொன்னது இரண்டுமே தப்பு. மாதக் கடைசியில் சேனல்கள்தான் நின்றிருக்கும். பிடித்து வைத்தது, கார்டைக் கழற்றாமல் விட்டிருந்தால், அந்தப் பழைய பெட்டியில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டு இருந்திருக்கும்.

புதுப் பெட்டியை மாட்டினேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. பதிவுப் பட்டியல் காலி. போன் போட்டால் ஒரு நாள் பொறுங்கள் என்றார்கள். பொறுத்தோம். வரவில்லை. கார்டைத் திரும்பப் பழைய பெட்டியில் போட்டுப் பார்த்தேன். பட்டியலில் அந்தச் செய்தியின் பேர் நிற்கிறது, அமுக்கினால் அனுமதி இல்லை என்று வருகிறது. கார்டு அதற்குள் புதுப் பெட்டிக்கு உரியதாகிவிட்டிருந்தது. இப்போதானால் யாராவது ஒருவர் போனைத் தூக்கி டிவித் திரையைப் படம் பிடித்து வைத்திருப்பார்கள். அந்த வீட்டிலும் என் சட்டைப் பையிலும் அப்போது இருந்தது பட்டன் போன்.

விழுப்புரத்துக்கு வந்து சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர் பெட்டியை என் கையிலிருந்து தானே வாங்கி, கோலியனூர் சாலையில் இருந்த கிடங்குக்கு அனுப்பாமல் தன் மேஜைமேலேயே வைத்துக்கொண்டார். கிடங்குக்குப் போனால் உள்ளே பதிந்ததை அன்றைக்கே அழித்துவிடுவார்கள். "இது நம்ம கேஸ் இல்ல பாஸ்கர், கம்பெனி கேஸ். கம்பெனியே தொறந்து குடுக்கும்" என்றார்.

மெட்ராசுக்குப் போன் மேல் போன் போட்டார். எங்களைப் போன்றவர்களுக்கு வழி சொல்வதற்கென்று அங்கே தனியாக ஒரு பிரிவு உண்டு. கடைசியில் ஒருவர் கிடைத்தார். பெட்டியை ரீசெட் செய்யச் சொன்னார். திரையில் ஆங்கிலத்தில் எச்சரிக்கை வந்தது. டிஸ்க்கில் இருப்பது எல்லாம் அழியும், சம்மதமா என்று கேட்டது. சார் அதை வார்த்தை வார்த்தையாகப் போனில் படித்துக் காட்டினார். "அது லிஸ்ட் மட்டும்தான் சார் அழியும். படம் உள்ளயே இருக்கும். லிஸ்ட் புதுசா உருவாகும். தைரியமா ஓகே குடுங்க" என்றது குரல்.

"சார், வேணாம் சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். "அவங்களுக்குத் தெரியும் பாஸ்கர்" என்று சொல்லி அமுக்கினார்.

பெட்டி அணைந்து எழுந்தது. புதுசாக உருவாக வேண்டிய பட்டியல் உருவாகவே இல்லை. டிஸ்க் முழுவதும் காலி என்று திரை சொன்னது. போனில் இருந்தவர், "அப்படி ஆகியிருக்கக் கூடாதே சார், ஒரு புகார் பதிவு பண்ணிடட்டுமா?" என்று கேட்டார். சம்பந்தம் சார் போனை வைத்தார். காலருக்குள் இருந்த கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்து, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பரிதாபமாக இருந்தது. அந்தச் செய்திச் சேனலுக்கும் சொந்தச் செலவில் நேரில் போய்க் கேட்டார். பழைய செய்திப் படங்களை வைத்துக்கொள்வதில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

மாசி மகத்தன்று, "நாம அங்க இருக்கணும்" என்று அவரே வண்டி வைத்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சாமியெல்லாம் கடலுக்கு வந்து தீர்த்தவாரி முடிந்து, ஜனங்கள் ஈரத்துணியோடு கலைந்துகொண்டிருந்த நேரம். சார் வாசலிலேயே நின்று, "அம்மா, அழிச்சது நான்தான். என் கையாலதான் அழிஞ்சுது" என்றார். மேலாளர் என்றால் யார் என்று கன்னியம்மாவுக்கு விளங்கியதா தெரியவில்லை. "உள்ள வந்து குந்துங்க" என்றார்.  திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முருகையன் வந்தார். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், வெயிலில் காய்ந்த திடமான உடம்பு. ஏழுமலையை அவர் முன்னப்பின்ன பார்த்ததில்லை, வேறு படகுக்காரர். படம் போய்விட்டது என்றதும் கன்னியம்மாவின் பக்கம் திரும்பினார். "சரி, எப்படி இருந்துதுன்னு சொல்லும்மா. ஆள அடையாளம் தெரியுதான்னு பாக்கலாம்."

கன்னியம்மா சொன்னார். சாப்பாட்டு வரிசை, தகரக் கொட்டகை, ஆரஞ்சுத் துண்டு, பாதி திரும்பிக் கேட்டது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். முருகையன் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அம்மா," என்றார், "அந்த ஆரஞ்சுத் துண்டு அங்க கரையேறுன பாதிப் பேருக்குக் குடுத்தாங்க. நானும் போத்திக்கினுதான் நின்னேன். பின்னாடி நின்னவன்கிட்ட இங்க தமிழ் பேசுறவங்க யாருன்னா இருக்காங்களான்னு கேட்டேன். டிவிக்காரங்க அப்ப அங்க இருந்தாங்க." தன் தோளைத் தொட்டுக் காட்டினார். "அது நானாவும் இருக்கலாம்."

 அந்தக் காட்சி மட்டும் கையில் இருந்திருந்தால் முருகையன் ஒரு தடவை பார்த்திருப்பார். நான் என்பார், அல்லது நான் இல்லை என்பார். அத்தோடு முடிந்திருக்கும்.

செல்விதான் எழுந்தாள். கொடியில் கிடந்த ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். "கொஞ்சம் இத்தப் போத்திக்கினு அந்தப் பக்கம் பாத்து நில்லுங்கண்ணே. பாதி திரும்புங்க."

அந்த மனிதர் மறுக்கவில்லை. போர்த்திக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றார். அப்படியே பாதி திரும்பினார்.

"இவன் இல்ல" என்றார் கன்னியம்மா.

"இவருதான் அத்தே" என்றாள் செல்வி.

இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து விழுந்தன. பிறகு இரண்டு பேருமே என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டாரைத் தவிர அதைப் பார்த்தவன் என்று அங்கே இருந்தது நான் ஒருவன். நான் முருகையனைப் பார்த்தேன், நினைவுக்கு அந்தத் திரையைக் கொண்டு வரப் பார்த்தேன். துண்டு வந்தது, வரிசை வந்தது. முகம் வரவில்லை. "எனக்குத் தெரியலம்மா" என்றேன். அதைத் தவிர வேறு எதைச் சொன்னாலும் பொய்.

 அதற்குப் பிறகு சம்பந்தம் சார் அந்தச் சட்டத்தை யாரிடமும் வற்புறுத்தவில்லை, எடுத்தும் விடவில்லை. யாராவது கஸ்டமர் கேரைப் பற்றிப் பேசினால் எழுந்து வெளியே போய்விடுவார். ஒரு வருஷம் கழித்து விருப்ப ஓய்வில் போனார். பிரிவு உபசாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

செல்வி அந்தச் சித்திரையில் தாலியைக் கழற்றினாள். யாரும் சொல்லிக் கழற்றவில்லை, சடங்கும் நடக்கவில்லை, அவளாகக் கழற்றி வைத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். பிறந்த வீட்டில் கூப்பிட்டும் போகவில்லை. மாமியாரோடேயே இருந்து மரக்காணம் மார்க்கெட்டுக்கு மீன் கூடை எடுத்துப் போனாள்.

வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் குப்பத்தில் வேறொரு வீட்டுக்கு வேலையாகப் போனேன். கன்னியம்மா பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். எனக்குப் போகக் கால் வரவில்லை, போனேன். செல்வி இல்லை, வியாபாரத்துக்குப் போயிருந்தாள். சோறு போட்டார். மீன் குழம்பு. சாப்பிட்டு முடித்த பிறகும் அடுப்பு மேல் ஒரு தட்டில் சோறு மூடி வைத்திருந்ததைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"செல்விக்குங்களாம்மா?"

"அவளுக்குத் தனியா இருக்குது." தட்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார். "அவ சொன்னதுதான் செரியா இருக்கும் தம்பி. எனக்கும் தெரியுது. அதுக்காக ரெண்டு பேருமே அவன வுட்டுட முடியுமா?"